வாக்வாக் நாட்டு விருந்தாளி

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்னவரும் அங்கே இல்லை. அவருடைய மைத்துனி அந்த வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்திருக்கிறாள். அவள் சொன்னதை அவர் சொன்னார், அவர் சொன்னதை நான் சொல்கிறேன். கை மாறி வந்த சரக்கு என்பதால், என்னால் சரிபார்க்க முடிந்த ஒரே ஒரு விஷயத்தை நேரில் போய்ச் சரிபார்த்துவிட்டேன். அது கடைசியில் வரும். மற்றதற்கெல்லாம் மைத்துனிதான் பொறுப்பு.

தலைநகர் துனிஸில் ஓர் இலாகா. எந்த இலாகா என்று மைத்துனிக்குத் தெரியவில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் கொள்கைத் தகராறுகளைக் கற்பிக்க வேண்டும் என்று அது முடிவு செய்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர் குழு ஒன்று, 'உங்கள் பிள்ளைகளுக்கு மரம் நடத் தெரிகிறது, வாதாடத் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டுப் போனதுதான் காரணம். ஆலை ஒரு பக்கம், மீனவர் ஒரு பக்கம், விவசாயி ஒரு பக்கம், அரசாங்கம் ஒரு பக்கம் என்று நாலு பேர் நாலு திசையில் இழுக்கும் வழக்கைப் பிள்ளைகள் வகுப்பிலேயே நடத்திப் பழக வேண்டும். நல்ல யோசனைதான். இலாகா அதை இன்னும் நல்லதாக்க விரும்பி மூன்று நிபந்தனைகள் சேர்த்தது.

தகராறு, உண்மை வாழ்க்கையை அப்படியே பிரதிபலிக்க வேண்டும். ஆனால் உண்மையான ஊர், ஆலை, ஆறு, கடல், காற்று எதன் பெயரும் வகுப்பில் உச்சரிக்கப்படலாகாது. தவிர, எந்தக் கட்சியும் ஜெயிக்கக் கூடாது, எந்தக் கட்சியும் தோற்கவும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்குச் 'சமநிலை' என்று பெயர். மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு கடற்கரை ஹோட்டலில் பயிற்சி நடந்தது. பிளாஸ்டிக்கை ஒழிக்கும் பொருட்டு ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். பை அழுக்காகிவிடக் கூடாது என்று அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தப் பையோடு தெற்கே திரும்பியவர்களில் ரௌதாவும் ஒருத்தி. மெலிஹா ஊர் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். தற்காலிகம் என்றால், கோடை விடுமுறையில் அவள் ஆசிரியை இல்லை, சம்பளமும் இல்லை. செப்டம்பரில் மறுபடியும் ஆசிரியையாகப் பிறக்க வேண்டும். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். 'இந்த வருஷம் என் மகளுக்கு நிரந்தரம்' என்று அவள் அம்மா வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி, தெருவில் அவளுக்கு 'நிரந்தரம்' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. 'நிரந்தரம் போறா பாரு, பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்பார்கள்.

இந்த வருஷம் நிஜமாகவே ஒரு வழி திறந்தது. புதிய பாடத்தை ஆய்வாளர் முன்னிலையில் நடத்திக் காட்டி அவர் சரி என்றால், நிரந்தரம். ஆய்வாளர் பெயர் ஸி முன்சிஃப். 'ஸி' என்பது மரியாதைக்கு, 'ஐயா' மாதிரி. முன்சிஃப் என்றால் நடுநிலை தவறாதவர் என்று பொருள். பெற்றவர்கள் ஆசைக்கு வைத்த பெயரை அவர் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

மெலிஹாவில் ஓர் உர ஆலை இருக்கிறது. ஊரில் யாரும் அதை ஆலை என்று சொல்வதில்லை, 'ரொட்டி' என்பார்கள். அவன் ரொட்டியில் இருக்கிறான் என்றால் ஆலையில் வேலை பார்க்கிறான் என்று அர்த்தம். ரொட்டி இருக்கும் வீட்டுக்கு விருந்தாளி வருவது இயல்பு. கடல் பக்கமிருந்து காற்று திரும்பினால் மஞ்சளாக ஒரு நெடி ஊருக்குள் நுழையும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், மாடியில் காயும் மிளகாய் நிறம் மாறும். அதை யாரும் நாற்றம் என்று சொன்னதில்லை. எந்தக் காலத்திலோ ஓர் அமைச்சர் வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு 'என்ன இது?' என்று கேட்க, அன்றைய நகர்மன்றத் தலைவர், 'விருந்தாளிங்க, இப்பப் போயிடுவார்' என்றாராம். அன்றிலிருந்து அந்த நெடிதான் விருந்தாளி. 'விருந்தாளி வந்திருக்கார், துணியை எடு' என்று பெண்கள் மாடிக்கு மாடி குரல் கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் ஆண்கள் கோடையில் மல்லிகைச் செண்டைக் காதில் செருகிக்கொள்வார்கள். மெலிஹாவில் அது காதிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து மூக்கடிக்கு வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கடல் பக்கத்து ஜன்னல்களை ஆணி வைத்து அடித்துவிட்டார்கள். அந்தப் பள்ளியில் நிரந்தரமானவை அவை மட்டும்தான்.

பாடத்துக்கு எந்த நாட்டுத் தகராறை எடுப்பது என்று கேட்க ரௌதா தலைமையாசிரியர் ஸி துஹாமியிடம் போனாள். அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறவர் அவர். அதுவரை உலகத்தில் எதுவும் நடக்காமலிருந்தால் போதும் என்பது அவர் பிரார்த்தனை. இத்தாலி என்றாள். தூதரகத்திலிருந்து யாராவது கேட்டால் என்றார். லிபியா என்றதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். நார்வே என்றதும் கொஞ்ச நேரம் தயங்கினார். அப்புறம், துணிப்பைக்குப் பணம் கொடுத்ததே அவர்களாக இருந்தால் என்ன செய்வது என்று அதையும் விட்டார்.

"அப்ப வாக்வாக் நாடுன்னு வச்சுக்கலாமா?" என்றாள் ரௌதா.

ஏழு கடலுக்கு அப்பால், காய்க்கும் காயெல்லாம் 'வாக், வாக்' என்று கூவும் மரங்கள் உள்ள நாடு. சாப்பிட அடம் பிடிக்கும் குழந்தைக்குச் சொல்வது. வாங்கிய பொருளைத் திருப்பித் தராமல் காணாமல் போனவனை, 'வாக்வாக்குக்குப் போயிட்டான்' என்பார்கள்.

"அவங்களுக்கு இங்க தூதரகம் இருக்கா?" என்றார் துஹாமி.

"நாடே இல்லையே, ஸி துஹாமி."

"அப்பச் சரி. இல்லாத ஊர்லேருந்து புகார் வராது."

அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பாடத்துக்குப் பசுமை சேர்க்க வகுப்பில் ஓர் ஆலிவ் கன்று வைக்கச் சொன்னார். உயிருள்ள கன்று அந்த அறையில் இரண்டு வாரம் தாங்காது என்று தோட்டக்காரர் சொன்னதால் பிளாஸ்டிக் ஆலிவ் வந்தது.

ஒத்திகைக்கு ரௌதா சீட்டுக் குலுக்கிப் போட்டாள். சிரீன் மீனவர் மகள். அவள் அப்பாவின் படகு வருஷத்தில் பாதி நாள் மணலில்தான் கிடக்கும். அவளுக்கு ஆலை முதலாளி வேஷம் விழுந்தது. இயாத், ரொட்டியின் தொழிற்சங்கத் தலைவர் ஸி லஸ்ஹரின் மகன். அவனுக்கு மீனவர் வேஷம். விவசாயி வேஷம் விழுந்தவர்கள் தண்ணீர் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அரசாங்க வேஷம் விழுந்தவர்கள் வேலை குறைவு என்று சந்தோஷப்பட்டார்கள். ஆளுக்கு ஆள் இடம் மாறிவிட்டதால் எந்தக் கட்சிக்கும் வேகம் இருக்காது, சமநிலை தானாக வந்துவிடும் என்று ரௌதா கணக்குப் போட்டாள். அடுத்த வீட்டுக்காரனுக்குத்தான் நம் வீட்டில் பானை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

சிரீன் இடுப்பில் கை வைத்து எழுந்தாள். "உங்க வீட்ல இருக்கற ஃபிரிட்ஜ் எந்த ரொட்டியில வந்தது? சொல்லுங்க. அதுக்குள்ள வைக்க மீன் இல்லைன்னா அது ஃபிரிட்ஜோட தப்பா?"

இயாத் தலையைச் சொறிந்தான். "முன்னே மீன் இருந்தது, ஃபிரிட்ஜ் இல்ல. இப்ப ஃபிரிட்ஜ் இருக்கு, மீன் இல்ல. ரெண்டும் ஒரே வீட்ல இருக்கற மாதிரி வாக்வாக்ல ஒரு வழியும் கிடையாதா முதலாளி?"

"காத்துல கொஞ்சம் வாசனை வருது. அவ்வளவுதானே? வந்த விருந்தாளியை எழுந்து போன்னு சொல்ற வழக்கம் உங்க ஜனத்துல உண்டா?"

மெலிஹாவின் சொல் ஒன்று விசா இல்லாமல் வாக்வாக்குக்குள் நுழைந்துவிட்டது. ரௌதா நிறுத்தியிருக்கலாம். அவளுக்கும் பதில் என்ன வருகிறது என்று கேட்க ஆசையாக இருந்தது.

"விருந்துன்னா மூணு நாள் முதலாளி," என்றான் இயாத். வேஷம் மறந்துபோன குரல். "மூணு நாள் சோறு போடுவோம், யாரு எவருன்னு கேக்க மாட்டோம். நாலாம் நாள் காலையில, எப்பக் கிளம்பறீங்கன்னு கேக்கலாம். அது ஊர் உலக வழக்கம். இவர் எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடி வந்தவர். கட்டில்ல அவர் படுத்திருக்கார், வாசல்ல நாங்க படுத்திருக்கோம்."

வாக்கெடுப்பு நடந்தது. ஆலையை மூட வேண்டும் என்று எல்லாக் கையும் உயர்ந்தது. சிரீனின் கையும்.

"நீ முதலாளி. நீ கை தூக்கக் கூடாது," என்றாள் ரௌதா.

"மனசு கேக்கல மேடம்."

இது ஒத்திகை மட்டும்தான், ஆய்வாளர் முன்னால் யாரும் ஜெயிக்கக் கூடாது, அவர் வருகிற அன்றைக்குத்தான் என் பிழைப்பு இருக்கிறது என்று ரௌதா ஒளிக்காமல் சொன்னாள். பிள்ளைகளுக்குப் புரிந்தது. அவர்கள் வீட்டிலும் பிழைப்பு என்று ஒன்று இருந்தது.

"அப்ப இன்னிக்கு மட்டும் ஜெயிச்சுக்கலாமா?" என்றாள் சிரீன்.

"மணி அடிக்கற வரைக்கும்," என்றாள் ரௌதா.

அன்று மத்தியானம் கஸ்குஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது இயாத், 'அப்பா, ஆலையை மூடிட்டோம்' என்றான். ஸி லஸ்ஹருக்கு வாய்க்குப் போன கரண்டி வழியிலேயே நின்றது. மீதியை அவர் கேட்டாரா என்பது சந்தேகம்.

மறுநாள் காலையில் பள்ளி வாசலில் ரொட்டியின் ஆட்கள் நின்றிருந்தார்கள். கையில் துணிப் பதாகை. 'கழுத்தை அறு, பிழைப்பை அறுக்காதே' என்ற பழைய மொழி அதில் புதிய சிவப்பு மையில் இருந்தது. ஸி துஹாமி தன் அறையைப் பூட்டிக்கொண்டு ரௌதாவை வாசலுக்கு அனுப்பினார்.

"மகளே, நீ நல்ல குடும்பத்துப் பொண்ணு," என்று ஆரம்பித்தார் லஸ்ஹர். "எந்த ஆலையை மூடினே?"

"வாக்வாக்ல இருக்கறதை, ஸி லஸ்ஹர்."

"அங்க எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?"

"யாருமே இல்லைங்க. அது இல்லாத ஆலை."

லஸ்ஹர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? இல்லாத தொழிலாளிக்கே இந்தக் கதி. இருக்கற நம்மளை நாளைக்கு என்ன செய்வாங்க?"

வாக்வாக் தொழிலாளர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் என்று லஸ்ஹர் அறிவித்தார். கொஞ்ச நேரத்தில் படகுத்துறையிலிருந்து மீனவர்கள் வந்து எதிர்த் திட்டில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் முறையாக மூடிய ஆலையை யாரும் திறக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. 'எங்க வாழ்க்கையில மூடின ஒரே ஆலை இதுதான், அதையும் திறப்பீங்களா?' என்று சிரீனின் அப்பா கேட்டாராம். இரண்டு கட்சிக்கும் ஒரே ஆள்தான் புதினாத் தேநீர் விற்றான். சமநிலை என்றால் என்ன என்று அந்த ஊரில் முதலில் புரிந்துகொண்டவன் அவன்.

மத்தியானத்துக்குள் வட்டார அதிகாரி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்தார். அப்படி ஓர் ஆலை இல்லை என்று அறிவித்தால் அது மூடப்பட்டதாகவே ஆகும், தொழிலாளர்கள் கொதிப்பார்கள். இருக்கிறது என்றால் அதற்கு யார் அனுமதி கொடுத்தது என்ற கேள்வி வரும். கடைசியில் இறங்கி வந்து, மறு உத்தரவு வரும்வரை வாக்வாக் ஆலை தற்காலிகமாகத் திறந்திருக்கும் என்று கம்பீரமாக அறிவித்தார். தொழிலாளர்கள் கைதட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள். மீனவர்கள் எழுந்து நடுச்சாலையில் உட்கார்ந்தார்கள்.

இந்த நிலையில்தான் ஸி முன்சிஃபின் கார் வந்து மீனவர்களுக்கு முன்னால் நின்றது.

மூங்கில் பேனா, சணல் கோட்டு, தகரக் குப்பி என்று உடம்பில் எல்லாமே சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக வந்து இறங்கினார் அவர். குப்பியில் தண்ணீர் தீர்ந்தபோது ஓட்டுநர் பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து நிரப்பிக் கொடுத்தார். சாலையில் ஜனம் உட்கார்ந்திருப்பதற்கான காரணத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷ ஆய்வில், 'சமூகப் பங்கேற்புடன் கூடிய பாடவேளை' என்பதைக் காகிதத்தில் மட்டுமே பார்த்திருக்கிறாராம். ஆனால் ஒரு கட்சி ஜெயித்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் மலர்ந்தது கூம்பியது.

"ஜெயிக்க விட்டீங்களா?" என்றார் ரௌதாவிடம்.

"ஒத்திகையில மட்டும்தாங்க. மணி அடிக்கற வரைக்கும்."

"ஆறு வருஷம் தற்காலிகமா இருந்திருக்கீங்க. வெற்றியையும் தற்காலிகமா வச்சிருக்கீங்க. அது வரைக்கும் சரி."

பாடம் பள்ளியின் பெரிய கூடத்தில், ஊர் முன்னிலையில், மறுபடி நடக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. லஸ்ஹரும் சிரீனின் அப்பாவும் வாக்வாக் நாட்டுப் பார்வையாளர்களாக முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். வட்டார அதிகாரிக்கு மேடையில் நாற்காலி. ரௌதாவின் அம்மா பண்டிகைக்கு உடுத்தும் சஃப்சாரியைப் போர்த்திக்கொண்டு, தெருவையே திரட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் ஆலிவ் நின்றது. முன்சிஃப் அதைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர்ச் சிக்கனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு என்றார்.

பிள்ளைகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். சிரீன் எழுந்து, ஆலை நன்று, மீனும் நன்று, இரண்டும் நன்றாக இருப்பது மிக நன்று என்றாள். இயாத் எழுந்து, மேடை அரபியில், "ஒரு பக்கம் பார்த்தால் இருமல் வருகிறது. மறுபக்கம் பார்த்தால் இருமலால் மருந்துக்கடை வளர்கிறது. இரு தரப்பிலும் நியாயம் உள்ளது" என்றான். முன்வரிசையில் அவன் அப்பா பெருமையாக இருமினார். முன்சிஃப் மூங்கில் பேனாவால் எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் வாதத்தில் அடிபட்ட மூன்று நாள் வழக்கத்தையும் விருந்தாளியையும் பற்றிக் கேட்டார். அது என்ன சொல் என்றார். வாக்வாக் நாட்டு வழக்குச் சொல் என்றாள் சிரீன், கண்ணிமைக்காமல். உள்ளூர்ப் பண்பாட்டையும் பாடத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவர் மகிழ்ந்து, அந்த மூன்று நாள் வழக்கத்தை வைத்தே சமநிலைத் தீர்வு ஒன்றைத் தாமே வகுத்துக் கொடுத்தார்.

விருந்தாளி மூன்று நாள் தங்கலாம். அது அவர் உரிமை. நாலாம் நாள் காலையில் அவர் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும். அது ஊராரின் உரிமை. போனவர் திரும்பி வரக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லாததால், அன்று மத்தியானமே அவர் புதிய விருந்தாளியாகத் திரும்பி வரலாம். அவருக்கும் மூன்று நாள். இவ்வாறாக வழக்கமும் காப்பாற்றப்படும், விருந்தாளியும் காப்பாற்றப்படுவார்.

கூடத்தில் கொஞ்சம் கைதட்டல் எழுந்தது. தான் ஒன்றும் சொல்லாமல் போனால் நன்றாயிராது என்று பட்ட வட்டார அதிகாரி எழுந்தார். மூடிய நேரத்தில் வாக்வாக் தொழிலாளர் அடைந்த மனவேதனைக்கு ஈடாக, கடலிலிருந்து எட்டத்தில், புகையே இல்லாத புதிய ஆலை ஒன்று வாக்வாக்கில் கட்டப்படும் என்றும், அதில் இருநூறு பேருக்கு வேலை என்றும் அறிவித்தார். இந்தத் தடவை கைதட்டலே இல்லை. ஜனங்கள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முன்சிஃப் கடைசிச் சடங்குக்கு வந்தார். இந்தத் தகராறு உலகத்தில் உள்ள எந்த இடத்தையும் குறிக்கவில்லை என்று ஆசிரியை எல்லோர் முன்னிலையிலும் வாயால் உறுதி சொல்ல வேண்டும். சொன்னால் நிரந்தரம்.

ரௌதா எழுந்தாள். அதே சமயம் காற்று திரும்பியது.

ஆணி அடித்த ஜன்னல் எல்லாம் வகுப்பறையில்தான். கூடத்தில் கதவுகள் விரியத் திறந்திருந்தன. முதலில் பின்வரிசையில் ஒரு குழந்தை இருமியது. அப்புறம் வரிசை வரிசையாக முன்னால் வந்தது. முந்தானைகள் மூக்குக்குப் போயின, மல்லிகைச் செண்டுகள் அவற்றின் இடத்துக்குப் போயின. முன்சிஃபுக்குக் கண்ணில் நீர் தாரையாக வழிந்தது. தகரக் குப்பியைத் தடவிக்கொண்டே, "என்ன... என்ன இது?" என்றார்.

எல்லா முகமும் ரௌதாவைப் பார்த்தன. லஸ்ஹர் பார்த்தார். சிரீனின் அப்பா பார்த்தார். அம்மா பார்த்தாள். சிரீன் மட்டும் வேறு விதமாகப் பார்த்தாள் என்று மைத்துனி சொன்னாளாம். மனப்பாடச் செய்யுளில் அடுத்த வரி வருகிறதா என்று பார்ப்பதுபோல.

ரௌதாவின் நாக்கு நுனியில் அந்த ஊரின் பெயர் இருந்தது. மூன்றே எழுத்தில் கூடச் சொல்லிவிடலாம், 'இங்க' என்று. ஆறு செப்டம்பர்களை நினைத்தாள்.

"வாக்வாக் பக்கமிருந்து காத்துங்க," என்றாள்.

கூடம் மூச்சு விட்டது, அப்போது விட முடிந்த அளவுக்கு. முன்சிஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். பாடத்துக்கு உகந்த வாசனைச் சாதனங்களையும் ஆசிரியை திறம்படக் கையாண்டிருக்கிறார் என்று, எழுதியதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தும் காட்டினார். முழு மதிப்பெண். ரௌதாவின் அம்மா குலவையிட்டாள். பாதியில் இருமல் வந்து, குலவை எது இருமல் எது என்று பிரித்தறிய முடியாதபடி முடிந்தது.

கூட்டம் கலைகிறபோது சிரீன் மேடையருகே வந்தாள்.

"மேடம், ஜெயிச்சது யாரு?"

"யாரும் இல்ல."

"தோத்தது?"

ரௌதா சுவரிலிருந்த மணியைப் பார்த்தாள். அது அடிக்கவில்லை.

நிரந்தர உத்தரவு உண்மையாகவே வந்தது. வாக்வாக் பாடத்துக்கென்று புதிதாக உருவாக்கப்பட்ட பணியிடம் என்று அதில் இருந்தது. வாக்வாக்குக்கென்று நிதி ஒதுக்கீடு வரும்வரை பழைய சம்பளமே தொடரும், கோடையில் கிடையாது. இருந்தாலும் நிரந்தரம் நிரந்தரம்தான். தெருவில் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கேலிக்கு உண்மை ஒத்துவராது.

அடுத்த வாரம் வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் வரிசை நின்றது. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. மீனவர்களும் ரொட்டியின் ஆட்களும் முன்னும் பின்னுமாக நின்றார்கள். ஸி துஹாமி, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருப்பதா என்று வந்திருந்தார். ஸி லஸ்ஹர் தன் மூத்த மகனுக்காக நின்றார். அவன் பொறியியல் பட்டம் வாங்கிக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பவன். இயாத் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, அது இல்லாத நாடு. நாங்கதான் வகுப்புல உண்டாக்கினோம்."

"தெரியும்டா," என்றார் லஸ்ஹர். "உங்க அண்ணனுக்கு இருக்கற நாட்டுல எத்தனை இடத்துல எழுதிப் போட்டிருக்கேன்? இல்லாத நாட்டுல ஒண்ணு போட்டா என்ன குறைஞ்சு போகுது? அங்க புகையாவது இல்ல."

வரிசையில் முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாளாம். அது ரௌதா, தம்பிக்காக நின்றிருந்தாள்.

இனி நான் சரிபார்த்தது. வாக்வாக் வேலைக்கென்று அந்த அலுவலகத்தில் தனி ஜன்னல் இருக்கிறது என்று சொன்னார்கள். நம்பமுடியாமல் பஸ் ஏறி மெலிஹாவுக்குப் போனேன். இருக்கிறது. வலது கைப் பக்கம், கடைசி. விசாரிக்க வேண்டுமானாலும் வரிசையில்தான் வர வேண்டும் என்றார்கள், நின்றேன். என் முறை வந்தபோது, சும்மா விசாரிப்பதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை, விண்ணப்பதாரருக்கு மட்டும்தான் என்றார் உள்ளே இருந்தவர். நல்ல வேளை, பட்டச் சான்றிதழின் நகல் எப்போதும் என் பையிலேயே இருக்கும்.